அம்மாக்கள் சித்தியான நாட்கள்

பக்கத்து வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். தை பிறக்குமுன் சிதம்பரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்த வாசனைதான். எல்லாருக்கும் அது பொங்கலைக் கொண்டுவரும். எனக்குக் கடலூர் முதுநகரில் ஒரு சுவரைக் கொண்டுவருகிறது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தச் சுவர் வருடத்துக்கு வருடம் பருத்துக்கொண்டே போனது. சுனாமிக்கு மறு வருடம் தொடங்கிய பிள்ளைகள் இல்லம் அது. வெளிநாட்டுக்காரர்கள் தயவில் ஓடியது. கோடையில் வெள்ளைக்கார இளைஞர்கள் தொண்டு செய்ய வருவார்கள். அவர்களுக்குத் தெரிந்த தொண்டு, சுவரில் படம் வரைவது. ஒரு குழு டால்பின் வரைந்துவிட்டுப் போகும். அடுத்த குழு வருவதற்குள் நாங்களே அதன்மேல் வெள்ளையடித்து வைப்போம். பாவம், வருகிறவர்களுக்கு வேலை வேண்டுமே. கடலைக் கண்டாலே ஓடி ஒளிகிற பிள்ளைகள் டால்பினுக்குக் கண் வைத்துக் கொடுத்தார்கள். குறை சொல்லவில்லை. வேர்க்குரு வெடித்த தோளில் அந்தப் பையன்கள் குழந்தைகளைச் சுமந்து திரிந்ததையும் பார்த்தவள் நான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தூர தேசத்தில் உதவுகிறவர் ஒருவர் இருந்தார். அவர்கள் பின்னி அனுப்பிய கம்பளித் தொப்பியைக் கத்திரி வெயிலில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் போட்டோவுக்கு நிற்கும்; மற்ற நாட்களில் அதில் புளியங்கொட்டை சேர்த்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்குக் கடிதம் போகும். பிள்ளைகள் எழுதுவதை ஆங்கிலமாக்குவது என் வேலை. எம்.ஏ. முடித்த கையோடு கிடைத்த முதல் உத்தியோகம், சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். கவிதை எழுதுகிற கிறுக்கு வேறு இருந்ததா, ‘உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை’ என்று இல்லத்துச் செயலாளர் கரும்பலகையில் போட்டுவைத்த வரியைச் சும்மா விடுவேனா? நிலாவை இழுத்துவந்து அதையும் அநாதையாக்கி அனுப்புவேன்.

யாரும் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டுமே உதவி என்பது அந்தத் தூர தேசத்தின் விதி. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அம்மா இருந்தார்கள். கணவனைக் கடல் கொண்டுபோன பின், மூன்று பிள்ளைக்குச் சோறு போட முடியாமல் ஒன்றை எங்களிடம் விட்டவர்கள். விருந்தாளிகள் வருகிற நாளில் சமைக்க ஆள் வேண்டும். அந்த அம்மாக்களே வந்து சமைப்பார்கள். அன்றைக்கு மட்டும் அவர்கள் எல்லாரும் சித்தி. முந்தின நாளே ஒத்திகை நடக்கும். “இது யாரு?” என்று செயலாளர் கேட்பார். “சித்தி” என்று பிள்ளைகள் கத்த வேண்டும். ஒரு பொடிசு குழம்பிப்போய் “அம்மா சித்தி” என்றது. எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

மூன்றாம் வருடம் இங்கிரிட் அம்மையார் வந்தார். அவர் ஊரில் தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வயது சங்கீதாவுக்கு உதவுகிறவர். சங்கீதாவின் அம்மா தனலட்சுமி துறைமுகத்தில் மீன் விற்பவர். அன்றைக்குப் பந்தியில் கரண்டியோடு நின்றார். வஞ்சிரக் குழம்பை மூக்கில் நீர் வழியச் சாப்பிட்ட இங்கிரிட், இதை வைத்தது யார் என்று கேட்டார். நான் சங்கீதாவிடம் கேட்டேன்.

“எங்கம்மா.”

செயலாளர் பதறவில்லை. “நம்ம ஊர்ல சித்தியையும் அம்மான்னுதான் கூப்புடுவாங்கன்னு சொல்லிடுங்க மிஸ்” என்றார், சிரித்த முகம் மாறாமல்.

தனலட்சுமியும் என்னைப் பார்த்துக் கெஞ்சினார். “சித்தின்னே சொல்லிடும்மா. அதுக்கு இஸ்கூலு போயிடப் போவுது.”

சங்கீதா எச்சில் கையோடு எழுந்து நின்றாள். “சித்தி இல்ல, என்னப் பெத்த அம்மா. எங்கப்பாதான் செத்துச்சு. இதுவும் செத்துச்சுன்னு எத்தினி வாட்டி எழுதறது?”

இங்கிரிட் என் வாயையே பார்த்தார். செயலாளர் கொடுத்த பொய் கைக்கு அடக்கமாக இருந்தது. நான் அதுவரை எழுதியனுப்பியவற்றைவிடச் சின்னப் பொய்தான். ஆனால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன், நிலா கிலா எதுவும் சேர்க்காமல். இங்கிரிட் பக்கத்து நாற்காலியை இழுத்துத் தனலட்சுமியை உட்காரச் சொன்னார். கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் அந்த அம்மா.

விஷயம் எப்படியோ தூர தேசத்துக்கு எட்டி, ஒரு மாதத்தில் உதவி அனுப்பும் அமைப்பின் கடிதம் வந்தது. சங்கீதாவுக்கு உதவி கிடையாது.

“திருப்தியா மிஸ்? உங்க உண்மையால ஒரு கட்டில் காலி” என்றார் செயலாளர். என் நாற்காலியும் அன்றே காலியானது.

துறைமுகத்துக்குப் போய்த் தனலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் செதில் உரசுவதை நிறுத்தவில்லை. “நீ எதுக்கும்மா மன்னாப்பு கேக்கற? நான் உசுரோட இருக்கறது ஒரு குத்தமா? போவட்டும். எம்பொண்ண நான் படிக்க வெக்கிறேன்.”

வைத்தார். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, 2012இல் சங்கீதா நர்சிங் படிக்கச் சிதம்பரத்துக்கு வந்தாள். இங்கிரிட் அமைப்புக்குத் தெரியாமல் நோட்டுப் புத்தகச் செலவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ‘சங்கீதாவின் அம்மாவுக்கு’ என்று தொடங்கும் அவருடைய கடிதங்களை மீன் கூடைகளுக்கு நடுவே நின்று படித்துக்காட்டியது நான்தான். பிறகு அவையும் நின்றுபோயின. அந்தக் கிழவி இருக்கிறாரா இல்லையா, தெரியவில்லை.

தானே புயலில் இல்லத்தின் கூரை போனது. திரும்பத் திறக்கவே இல்லை. டால்பின்களோடு சுவரும் இடிந்து, அந்த இடத்தில் இன்று யாரோ ஐஸ் கிடங்கு வைத்திருக்கிறார்கள். போன புரட்டாசியில் தனலட்சுமியும் போய்விட்டார். காரியம் முடிந்து பெண்கள் கலைந்த பிறகு சங்கீதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இப்ப எழுதலாம் மிஸ், எனக்கு அம்மா இல்லன்னு.”

எழுதுகிறேன். நாங்கள் காகிதத்தில் சாகடித்த பிறகும் இருபது வருடம் துறைமுகத்தில் குரல் கிழியக் கூவி மீன் விற்றார் தனலட்சுமி.