மாடத்தி வாங்காத நான்கு பெட்டி

மாடத்தி அக்கா எந்த மருந்தையும் முதலில் முகர்ந்து பார்ப்பார். தீக்காயக் களிம்பு என்றால் ட்யூபைத் திறந்து தன் இடது புறங்கையில் ஒரு பொட்டு வைத்துத் தேய்த்தும் பார்ப்பார். அந்தக் கை முழங்கை வரை சுருங்கிக் கிடக்கும். பட்டாசுக்குத் திரி வைக்கும் வேலையில் இருந்தபோது பட்ட தீ. அன்று போட்ட களிம்பு போலி என்பது அவருடைய முடிவு.

"நல்ல மருந்தா இருந்தா இப்படிப் புழு ஊர்ந்த தடமா ஆறியிருக்குமா?" என்பார்.

அதை இனி யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தச் சந்தேகம்தான் அவரை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பியது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் முதலுதவி அறை இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது.

மருந்து விநியோகத்தைப் பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டில் ஏற்றும் ஒரு கம்பெனியின் ஆளாக நான் அங்கே போனேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அம்மா வேறொரு ஆலையில் இன்றும் திரி வைக்கிறாள். பட்டாசுக்காரர் வீட்டுப் பிள்ளை சொன்னால் நம்புவார்கள் என்றுதான் என்னை அனுப்பினார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். மருந்து கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் லோடு சீட்டில் உள்ள க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். அந்தப் பதிவு தயாரிப்பாளர், ஏஜென்சி, ஆலை என எல்லோரிடமும் ஒரே நேரத்தில் ஏறிவிடும். பிறகு அழிக்க முடியாது.

"யாராலயுமா?" என்று கேட்டார் அக்கா.

"எங்க முதலாளியாலயும் முடியாதுக்கா."

"அப்பக் கள்ள மருந்து விட்டவன் மாட்டிக்கிடுவான்."

"மாட்டிக்கிடுவான்."

அன்றுதான் என்னைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார். அவர் பெயரைப் பதிந்து, கம்பெனி போன் ஒன்றைக் கையில் கொடுத்தேன்.

அந்தப் போன் வாசலைத் தாண்டவில்லை. பட்டாசு ஆலைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லோரும் வாட்ச்மேன் ஊர்க்காவலனிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். கூடவே லாக் நம்பரையும் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்து நின்றுபோனால் அவர்தான் போனைத் திறந்து திருப்பிக் கூப்பிடுவார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உள்ளே ஓடிவந்து சொல்வார். எங்கள் செயலியும் அதே நம்பரில்தான் திறக்கும். நான் பயிற்சி கொடுத்ததே அந்த வாசலில் நின்றுதான். அப்போது இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை.

தீபாவளி சீசனுக்கு முன் மருந்து இருப்பைப் பார்த்தபோது களிம்பில் நான்கு பெட்டி குறைந்தது. ஏஜென்சி பத்து அனுப்பியிருந்தது. மாடத்தி பத்தையும் வாங்கியதாகப் பிளாக்செயினில் இருந்தது. அறையில் வந்து சேர்ந்தது ஆறுதான் என்றார் அக்கா.

மேனேஜர் பாலகுரு என்னை வரச்சொன்னார். "செயின்ல பொய் ஏறாதுன்னு நீங்கதான சொன்னீக தம்பி? மாடத்தியோட மருமகன் சாத்தூர்ல மெடிக்கல் கடையில நிக்கான், தெரியுமா? சனிக்கிழமைக்குள்ள பதில் வரலன்னா அவுக திங்கக்கிழமை வர வேண்டாம்."

மருமகன் விஷயத்தைக் கேட்டதும் எனக்கும் சந்தேகம் வந்தது. அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். இருந்தும் வந்தது.

அக்காவிடம் போய், "உங்க பேர்லதான் பதிஞ்சிருக்குக்கா" என்றேன்.

"என்னைக்கு?"

போன மாதம் பதினெட்டாம் தேதி, காலை பதினொன்றேகால் என்று படித்துக் காட்டினேன்.

"அன்னைக்குப் பொன்னுத்தங்கத்துக்குத் தீப்பட்டுச்சு. பத்தரைக்கே அவளோட ஆம்புலன்ஸ்ல ஏறிட்டேன். அவ தோலு என் சேலையில ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. ஆலையே பாத்துச்சு. உங்க போன் அப்ப யாரு கையில இருந்துச்சுன்னு போயிக் கேளுங்க."

ஊர்க்காவலன் மறைக்கவில்லை. "வேன்காரன் அவசரத்துல நின்னான். ஆறு பெட்டிய எறக்கிட்டு, 'மிச்ச நாலு அடுத்த டிரிப்புல வரும், மொத்தமா அமுக்கிருங்க'ன்னான். உள்ள ஒரே களேபரம். மாடத்திக்கு ஒரு வேலை மிச்சம்னு அந்தப் போன்ல நானே ஸ்கேன் பண்ணி அமுக்கிட்டேன். பெறகு அவன் கொண்டுவரவே இல்ல."

என் பின்னாலேயே வந்திருந்த அக்கா, "வாசல்ல உக்காந்தபடியே மாடத்தியா மாறிட்டீகளே. ஊசியும் நீங்களே போட்டுருங்க" என்றார்.

பாலகுரு ஆம்புலன்ஸ் நேரத்தை விசாரித்துவிட்டு இறங்கி வந்தார். ஆனால் முழுதாக இல்லை.

"நம்பர எதுக்கு வெளிய குடுத்தீக?" என்று அக்காவிடம் கேட்டார்.

"எல்லாருந்தான் குடுத்திருக்கோம் சார். உங்க டிரைவர் நம்பரும் அவருட்டத்தான் இருக்கு."

அக்காவின் வேலை தப்பியது. ஏஜென்சியோ, பெற்றுக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது, அதைத்தான் நம்புவோம் என்று முடித்துக்கொண்டது. நான்கு பெட்டி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

"அதுல இருந்து என் பேரையாவது எடுத்துருங்க தம்பி."

ஆபீஸில் கேட்டேன். பழைய பதிவை எடுக்க முடியாது, கீழே ஒரு திருத்தம் சேர்க்கலாம், அதற்கு ஏஜென்சியும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஏஜென்சி ஒப்புக்கொள்ளவில்லை. இதைச் சொன்னபோது அக்கா கோபப்படவில்லை. "அழிக்க முடியாதுன்னு அன்னைக்கு நீங்க சொன்னப்ப எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு" என்றார்.

இப்போது அவர் லாக் நம்பரை மாற்றிவிட்டார். தன் சொந்தப் போனின் லாக் நம்பரையும் யாரிடமும் சொல்வதில்லை. வேன் வந்தால் வாசலுக்கே நடந்து வருகிறார். போன வாரம் நான் போனபோதும் அங்கேதான் நின்றிருந்தார். பெட்டிகளைப் பிரித்து, ட்யூபை முகர்ந்து, புறங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தார். வேன்காரர் ஹாரனில் கையை வைத்தபடி இருந்தார். வாசலுக்கும் முதலுதவி அறைக்கும் நடுவே நல்ல தூரம்.

"அறையில யாருக்கா இருக்கா?"

"யாருமில்ல. நீங்க போயி உக்காருங்க. யாராவது தீப்பட்டு வந்தா, பதிவு முடியட்டும், பொறுங்கன்னு சொல்லுங்க."

போனை ஊர்க்காவலனிடம் கொடுத்தேன். டோக்கனை நீட்டியபடி, "லாக் நம்பரு, தம்பி? வீட்டுல இருந்து கூப்பிட்டா..." என்றார்.

சொல்லாமல் உள்ளே போனேன். காலியான அறையில் உட்கார்ந்த பிறகு அம்மாவின் நினைவு வந்தது. அவள் ஆலையிலிருந்து அழைப்பு வந்தால் ஊர்க்காவலனால் திருப்பிக் கூப்பிட முடியாது. வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து போய் நம்பரைச் சொல்லலாமா என்று யோசித்தேன். நானும் போனால் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள்.