குடில் கட்டாத உபதேசியார்

அருள்நாதன் உபதேசியாரைக் கோபக்காரர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. வத்தல்மலை அடிவாரத்தில் இருந்த அந்தச் சின்னக் கிறிஸ்தவ ஊருக்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்ல வைப்பதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும், சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அருள்நாதன்தான்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அவருக்குக் கால் தரையில் பாவாது. மூங்கிலும் வைக்கோலும் சேர்த்துக் குடில் கட்டுவார். நிறைசூலியான தேவமாதாவைக் கூட்டிக்கொண்டு சூசையப்பர் வீடு வீடாய்ப் போய் இடம் கேட்டதை அவர் சொல்லும்போது, பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

1937இல் மார்கழி பிறந்ததும், குடிலுக்கு வண்ணக் காகிதமும் ஜிகினாவும் வாங்கத் தருமபுரிக்குப் போனார். மனைவி ராயம்மாள் கடத்தூரில் தாய் வீட்டில் இருந்தாள். மறுநாள் உச்சிப் பொழுதில் ஊர் திரும்பியபோது, ஊர்ப் பெரியதனக்காரர் பெரியநாயகத்தின் மாட்டுக் கொட்டாய் வாசலில் மலைக்காரன் ஒருவன் குந்தியிருந்தான். அவன் மடியில் ஒரு துணிச் சுருள். உள்ளே ஒரு பெண் சுவரில் சாய்ந்திருந்தாள்.

அவன் பேர் குள்ளன், அவள் செல்லி. கடத்தூர்ச் சந்தையில் நெல்லிக்காய் விற்றுவிட்டு மலைக்குத் திரும்பும் வழியில் அவளுக்கு வலி கண்டுவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. அந்த நிலையில் மலையேற முடியாது. குள்ளன் ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டிருக்கிறான். ஒரு வீட்டில் கல்யாண வேலை நடக்கிறது, தீட்டு ஆகாது என்றார்கள். அடுத்த வீட்டில் ஆம்பிளைகள் இல்லை என்றார்கள். இன்னொரு வீட்டில் பேசவே இல்லை, கதவுதான் சாத்தப்பட்டது. கோயிலை ஒட்டிச் சாமியார் தங்கும் அறை ஒன்று உண்டு. ஓடு வேய்ந்தது, கட்டிலும் கம்பளியும் உள்ளது, வருஷத்தில் பெரும்பாலும் காலியாகக் கிடப்பது. அதன் சாவி பெரியநாயகத்திடம் இருந்தது. குருவானவர் படுக்கிற இடத்தில் கண்டவர்களையும் விட முடியாது என்று சொல்லிவிட்டார். மாட்டுக் கொட்டாயில் ஒதுங்கிக்கொள்ளச் சொன்னதையே பெரிய தயவாக நினைத்தார்.

மூன்று பக்கமும் திறந்த கொட்டாய் அது. சாரல் அடித்த மண்ணில் பிள்ளை பிறந்தது. ஊரில் பிள்ளை பெற்ற பெண்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருத்தி வெந்நீர் கொண்டுவரவில்லை. ஆண் பிள்ளை. விடிவதற்குள் விறைத்துப் போய்விட்டது.

அருள்நாதன் ஓடிப்போய்த் தன் வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். செல்லி அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கோயில் பக்கம் பார்த்தாள்.

"அந்தப் பெரிய வூட்டுல யாரு இருக்காங்க சாமி? வெளக்கு எரிஞ்சுது. ஆள் இருக்காங்கன்னு ரொம்ப நேரம் கூப்பிட்டேனுங்க."

உள்ளே தேவமாதா சுரூபம்தான் இருந்தது. அதன் முன்னால் எண்ணெய் ஊற்றித் திரி தூண்டிவிட்டுப் போனவர் அவர்.

வண்டி பிடித்து அவர்களை மலைப் பாதை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். துணிச் சுருளைக் குள்ளன் வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் நேரே பெரியநாயகத்திடம் போனார். சாமியார் அறையை ஏன் திறந்துவிடவில்லை என்று கேட்டார். பெரியநாயகமோ வெற்றிலையை மடித்தபடி சாவதானமாகச் சொன்னார்: "மாட்டுக் கொட்டாய்ல பெத்தா என்னங்க உபதேசியாரே? நம்ம ஆண்டவரே அங்கதானே பொறந்தாரு."

அந்தக் கதையை இந்த ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவரே அருள்நாதன்தான். தேவமாதா பட்ட பாட்டை ஜிகினா ஒட்டி அழகுபடுத்தி வைத்தது, இப்படிச் சொல்லிக் கைகழுவுவதற்குத்தானா? அவர் எழுந்து வந்துவிட்டார்.

சாயங்கால செபத்துக்கு ஊர் கூடியது. குடில் வேலை தொடங்கும் என்று ஆண்கள் மூங்கிலை வெட்டிக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். செபம் முடிந்ததும் அருள்நாதன் அவர்கள் பக்கம் திரும்பி நின்றார்.

"பெத்லேகேம்ல கதவைச் சாத்துனவங்களுக்கு, வாசல்ல நிக்கறது யாருன்னு தெரியாதுங்க. நமக்குத் தெரியும். வருசா வருசம் நான் சொல்லி, நீங்க அழுது கேட்டிருக்கீங்க. தெரிஞ்சேதான் சாத்துனோம். ஆண்டவர் கொட்டாய்ல பொறந்தது அவருடைய தாழ்ச்சி. அவரை அங்க பொறக்க விட்டது மனுசரோட பாவம். அந்தப் பாவத்தைக் காகிதப்பூ வச்சு மறைக்க என்னால ஆகாது. இந்த வருசம் நான் குடில் கட்டலைங்க."

கதவைச் சாத்திய வீடு எதுவென்று எல்லாருக்கும் தெரியும். பெரியநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

கிறிஸ்துமஸுக்கு வந்த சாமியாரிடம் முறையீடு போயிற்று. குழந்தை செத்ததற்கு அவர் உண்மையாகவே வருந்தினார். ஆனால் பெரியவர்களைக் கோயிலில் வைத்து அவமானப்படுத்தியது தப்பு, மன்னிப்புக் கேட்டால் போதும், விஷயம் முடிந்துவிடும் என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் மலையேறிப் போய்ச் செல்லியிடம் கேட்கட்டும், அவர்கள் பின்னால் நானும் வருகிறேன் என்றார் அருள்நாதன். அதோடு உபதேசியார் வேலை போயிற்று. குடிலை வேறொருவர் கட்டினார். முந்தைய வருஷத்தைவிடப் பெரிது என்று பேசிக்கொண்டார்கள்.

ராயம்மாள் அவரைக் குறை சொல்லவில்லை. தான் ஊரில் இருந்திருந்தால் அந்தப் பெண்ணைத் தன் பாயில் படுக்க வைத்திருப்பேன் என்று மட்டும் பல நாள் புலம்பினாள். இருவரும் கடத்தூரில் சந்தைமேட்டை ஒட்டி மண்சுவரில் இரண்டு அறை எழுப்பிக்கொண்டார்கள். அவர் ஒரு வியாபாரிக்கு வண்டி ஓட்டினார். முன்னறையைச் சந்தைக்கு வருகிற மலைப் பெண்களுக்கு என்று விட்டுவிட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் அங்கே பால் கொடுப்பார்கள், காய்ச்சல்காரர்கள் படுத்திருப்பார்கள். வலி கண்ட பெண்களுக்கு ராயம்மாள் அடுப்பில் வெந்நீர் வைப்பாள். உலகச் சண்டைக் காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோதும், கேழ்வரகுக் கூழையாவது கரைத்துக் கொடுத்தாள். அந்த அறையில் பிறந்த பிள்ளைகள் சந்தைக்கு நடந்தே வரும் வயதாயிற்று.

1946இல் ராயம்மாளின் தம்பி சவுரியப்பன் விருந்துக்கு வந்திருந்தான். முன்னறையில் பிறந்து சில நாளே ஆன குழந்தை கத்திக்கொண்டிருந்தது. அவன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்: "இத்தன வருசம் இதெல்லாம் செஞ்சீங்களே மாமா, இதுல ஒருத்தரையாவது நம்ம வேதத்துக்குக் கொண்டாந்தீங்களா?"

அருள்நாதன் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது.

"வேதத்துல இருக்கறவங்களத்தான்டா முதல்ல கொண்டாரணும்" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். புளி மூட்டை ஏற்ற வேண்டியிருந்தது. மாடுகளை அவிழ்த்து நுகத்தில் பூட்டும்போதும் அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது.