சப்பரத்துக்காக வளர்த்த வயிறு

போன வருஷம் பங்குனி உத்திரத்தன்று எங்கள் கோயில் சப்பரம் இடது பக்கம் சாய்ந்தது. நான்கு விரற்கடை இருக்கும். முருகனின் மாலை சரிந்து வேலின் மேல் விழுந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. அந்த இடது தண்டின் பின்முனைக்கு வலது தோளைக் கொடுத்து நின்றவன் நான்.

தலைநகரில், மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய சின்னக் கோயில் அது. சப்பரத்தை எட்டுப் பேர் தூக்குவோம், இந்தத் தண்டில் நால்வர், அந்தத் தண்டில் நால்வர். பதினேழு வருஷமாக அந்தப் பின்முனை என்னுடையது. அதற்கு முந்தைய ஐப்பசியில் டெங்கு வந்து ஏழு கிலோ போயிருந்தது. திரும்ப வரவில்லை. ஐம்பத்துநாலு கிலோவில் நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் தண்டைக் கொடுக்கமாட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் இருக்கும் வேகத்தடையை ஏறி இறங்கும்போது என் இடுப்பு வளைந்துகொடுத்துவிட்டது. மற்ற ஏழு பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினாலு கண்கள்.

கோயில் கமிட்டிச் செயலாளர் மதுரைக்காரர், என்னைவிடப் பதினோரு வயது இளையவர். பிரசாத வரிசையில் பக்கத்தில் வந்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"அண்ணே, அடுத்த வருசம் நீங்க குடை பிடிச்சுக்கங்க. குடைக்கும் ஒரு பெரிய மனுசன் வேணும்ல."

குடையின் எடை இரண்டு கிலோகூட வராது. அடுத்த ஆறு மாதம் கோபித்துக்கொள்வதில் போயிற்று. தீபாவளி முடிந்தபின்தான், கோபத்தால் எடை கூடாது என்பது உறைத்தது.

எங்கள் மார்க்கெட்டின் கீழ்த்தளத்தில் ஒரு ஜிம் இருக்கிறது. பதினாலு படி இறங்க வேண்டும். பயிற்சியாளர் ரோத்தக் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும், கழுத்து என் தொடையைவிடப் பெரியது. எதற்காகச் சேர்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். சாமியைத் தூக்க வேண்டும் என்று என் இந்தியில் சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "பகவான்ஜி கா வஜன் கித்னா?" என்றார். பகவானின் எடை என்ன என்று என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது. விக்கிரகம், சட்டம், தண்டு, பூ அலங்காரம், விளக்குகளுக்கான பாட்டரி எல்லாம் சேர்த்து இருநூற்று நாற்பது கிலோ. எட்டால் வகுத்தால் முப்பது. அவர் நோட்டில் 'முப்பது' என்று எழுதிக்கொண்டு, "அச்சா. காவோ," என்றார். சாப்பிடு என்று அர்த்தம்.

முட்டை கிடையாது என்றேன். பன்னீர், கொண்டைக்கடலை, வேர்க்கடலை, தயிர், பால், சோயா என்று ஆறு எழுதிக்கொடுத்தார். என் மனைவிக்குத் திருநெல்வேலிப் பேச்சு இன்னும் அப்படியே இருக்கிறது.

"இத்தன வருசமா நாலாவது இட்லிய வச்சா மொறைப்பீய. இப்ப எட்டு கேக்கீய. ஜிம்முக்கு எதுக்குப் போறீய, பசி எடுக்கவா?"

இரண்டு மாதத்தில் ஐம்பத்தெட்டு கிலோ ஆனேன். அவளுடைய தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து அளந்ததில், தோளில் கால் அங்குலம் கூடியிருந்தது. இடுப்பில் இரண்டே முக்கால். அதாவது முருகனுக்காகச் சாப்பிட்டதெல்லாம் பிள்ளையாருக்குப் போயிருந்தது. சட்டையின் கீழிருந்து இரண்டாவது பொத்தான் மூச்சை இழுத்தால்தான் மாட்டியது.

முப்பத்தாறு வருஷம் மத்திய அரசின் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தவன். எடையைக் கூட்டு, வயிற்றைக் குறை என்று ஒரே கோப்பில் இரண்டு உத்தரவு வந்தால் இரண்டையும் நிறைவேற்றுவதே என் பழக்கம். பயிற்சியாளருக்குத் தெரியாமல் வீட்டில் சிட்-அப் எடுக்க ஆரம்பித்தேன். பீரோவுக்கு அடியில் பாதத்தைச் செருகிக்கொண்டு, கையைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி, நாளுக்கு நூற்றிருபது. பத்தொன்பது நாளில் இரண்டாயிரத்து இருநூற்று எண்பது. காலண்டரில் எழுதிவைத்தேன். இருபதாம் நாள் கழுத்து திரும்பவில்லை. இடுப்பு அளவு கால் அங்குலம் கூடியிருந்தது.

கழுத்தை மறைத்துக்கொண்டு ஜிம்முக்குப் போனேன். அன்று பார்த்து அவர் என் வலது கையில் பத்துக் கிலோ டம்பெல்லைக் கொடுத்து நடக்கச் சொன்னார். நடந்தேன். கண்ணாடியில் ஒரு கிழவர் பாரமெல்லாம் ஒரு பக்கம் ஏற்றிய சைக்கிள்போல வலது பக்கம் சாய்ந்து வந்தார். என் இடது விலாவுக்குக் கீழே பயிற்சியாளர் ஒரு விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

"பாரம் வலது தோளில். வேலை செய்ய வேண்டியது இங்கே, இடது பக்கம். உங்கள் சாமியைச் சாய்த்தது தோள் இல்லை, அங்கிள்ஜி. பேட்," என்றார். வயிறு என்கிறார்.

வயிற்றுக்கு நான் ஏற்கெனவே நிறையச் செய்கிறேன் என்று, கொஞ்சம் பெருமையாகவே, இரண்டாயிரத்து இருநூற்று எண்பதைச் சொன்னேன். அவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் விளக்கியதன் சுருக்கம் இது. வயிற்றுத் தசையும் கையைப்போல, தொடையைப்போல ஒரு தசை. இலேசாக நூறு தடவை அசைத்தால் அது வளராது, அலுத்துப்போகும். பத்துப் பன்னிரண்டு தடவைதான் முடியும் என்ற அளவுக்குப் பாரம் வைக்க வேண்டும். பதினைந்து முடிந்தால் பாரத்தைக் கூட்ட வேண்டும். வாரத்தில் மூன்று நாள் போதும்.

"அப்படிச் செய்தால் வயிறு குறையுமா?" என்றேன்.

"அபி நஹி, இப்போதைக்கு இல்லை. எடை ஏறுவதற்காகச் சாப்பிடுகிறீர்கள். கொழுப்பும் கொஞ்சம் வரும். தசை அதற்கு உள்ளே வளரும்."

"வெளியே தெரியாதா?"

"நஹி."

அட்டவணையில் வராத ஒன்று வளர்கிறது என்று நம்பச் சொன்னார். சாமி விஷயத்தில்கூட நான் அவ்வளவு தூரம் போனதில்லை.

இன்னொரு குற்றமும் கண்டுபிடித்தார். நான் வாய்விட்டு எண்ணுகிறேன். எண்ணினால் காற்று வெளியேறுகிறது. காற்று போனால் வயிறு தளர்ந்துவிடுகிறது. தூக்குவதற்கு முன் மூச்சை அடிவயிறு வரை இழுத்து, யாரோ குத்த வருவதுபோல வயிற்றை இறுக்கிக்கொண்டு, மேலாகச் சின்னச் சின்ன மூச்சு விட வேண்டும். "கின்தி பந்த்," என்றார், எண்ணுவதை நிறுத்து. வாயை மூடினேன். ஒரு நிமிடம் கழித்து என் இடது கையைப் பார்த்து, "விரலும் பந்த்," என்றார்.

வீட்டில் டம்பெல் இல்லை. வலது கையில் தண்ணீர் நிறைந்த வாளியோடு எங்கள் மாடியின் நடைபாதையில் அங்குமிங்கும் நடந்தேன். நாற்பத்திரண்டு அடி நீளம், ஒன்பது சுற்று. மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கதவைத் திறந்து, "பாயி சாப், பானி நஹி ஆ ரஹா?" என்றார். தண்ணீர் வரவில்லையா என்கிறார். நான் மூச்சை இறுக்கியிருந்ததால் பேசமுடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அரை மணியில் எங்கள் பிளாக்கில் இருபத்துநாலு வீட்டிலும் குழாயைத் திறந்து அண்டா, குக்கர், பால் பாத்திரம் எல்லாவற்றிலும் பிடித்துவைத்தார்கள். மேல்தொட்டி காலியாகி, பிறகு உண்மையிலேயே தண்ணீர் வரவில்லை.

"வாளிய எறக்கி வச்சிட்டு அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்றாள் மனைவி. நாலாவது சுற்றில் எப்படி இறக்குவது?

மாசி முடியும்போது அறுபத்தொன்றரை கிலோ இருந்தேன். இடுப்பு முப்பத்தாறரை. வேட்டி சட்டையில் பார்த்தால் ஓய்வூதியம் வாங்கித் தின்று கொழுத்தவன் மாதிரி இருந்தேன். செயலாளரைப் போய்ப் பார்த்து என் பழைய இடத்தைக் கேட்டேன். அவர் கண் நேராக என் தொப்பைக்குப் போயிற்று.

"அண்ணே, உடம்பு தேறியிருக்கு, சந்தோசம். ஆனா தண்டுக்கு இது வேற மாதிரில்ல வேணும்."

"உள்ளே இருக்கு," என்றேன்.

"என்னது?"

"தசை."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசியில், காலை உலாவில் கோயில் வாசலிலிருந்து பள்ளிக்கூடம் தாண்டி பால் பூத் வரை மட்டும் கொடுப்பதாகவும், கூடவே ஒரு ஆள் மாற்றுக்கு நடந்து வருவார் என்றும் சொன்னார். சாய்ந்தால் இனி பேச்சில்லை என்பதை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

உத்திரத்தன்று துண்டை மடித்துத் தோளில் போட்டேன். அரோகரா என்று எல்லோரும் கூவியபோது நான் மட்டும் கூவவில்லை. காற்றை வீணாக்க விருப்பமில்லை. மாற்று ஆள் என் பக்கத்திலேயே, நான் விழும் நேரத்தை எதிர்பார்ப்பவர் போல, கையை அரைகுறையாக நீட்டிக்கொண்டு வந்தார். வேகத்தடையில் முன்வரிசை ஏறி இறங்கியதும் பாரம் முழுக்கப் பின்னால் வந்தது. வலது தோள் கீழே போகப் பார்த்தது. இடது விலாவுக்குக் கீழே, சென்ற வருஷம் ஒன்றுமே இல்லாத இடத்தில், ஏதோ ஒன்று என்னைப் பிடித்து நிமிர்த்திவைத்தது. சப்பரம் நேராகப் போயிற்று. நேராகப் போவதை யார் கவனிப்பார்கள்? நாதஸ்வரக்காரரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பால் பூத்தில் மாற்று ஆள் தோளைக் கொடுத்தார். நான் விலகி ஓரமாக நின்றேன். வயிற்றைத் தளர்த்தத் தெரியவில்லை. இறுக்கத்தான் ஐந்து மாதம் பயிற்சி எடுத்திருந்தேன். செயலாளர் கையில் தாளோடு வந்தார்.

"அண்ணே, பரவாயில்லயே. சாயந்தர உலாவுக்கு ஒரு ஆள் கொறையுது. முழுச் சுத்து. வர்றீங்களா?"

முழுச் சுற்று என்பது ஆயிரத்து நானூறு அடி நடை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல நினைத்துத் தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். மூச்சு வந்தபிறகு பின்னாலேயே போய்த் திருத்தியிருக்கலாம். நாலு அடிகூட எடுத்துவைத்தேன். அதற்குள் அவர் பெயர்களை உரக்கப் படிக்க ஆரம்பித்திருந்தார், என் பெயர் எட்டாவதாக வந்தது. நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் தரையில் மல்லாந்து படுத்தேன். தோள் சிவந்து கன்றியிருந்தது. முழங்கால் இரண்டும் தனித்தனியாக வலித்தன. மனைவி தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, "முடியலன்னு சொல்லிருங்க, போன் போடட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஐந்தரைக்குத்தான் தூக்குவார்கள். நான் நாலே முக்காலுக்கே போய், பின்முனையில் என் துண்டைப் போட்டுவைத்தேன்.