ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

போன மாதம் மகள் வீட்டு டிவியில் கண் தெரியாத பெண் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைக் காட்டினார்கள். வீட்டில் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நான் மட்டும் ஆச்சரியப்படவில்லை என்று மருமகனுக்குக் கொஞ்சம் குறை. நான் அந்த ஆட்டத்தை ஒன்பது வயதிலேயே இலங்கையில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டேன். பார்த்தேன் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. பாதி நேரம் பந்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன்.

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. சின்னதில் அம்மை போட்டுக் கண் இரண்டும் போய்விட்டது. எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுத் தப்பு அடிக்கும். அது அடித்தால் எல்லாரும் பெரட்டுக்களத்துக்குப் போய்க் கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏற வேண்டும். முழுப் பேர் விழுந்தால் முழு நாள் சம்பளம், அரைப் பேர் என்றால் பாதி. அப்பாவும் அம்மாவும் அங்கே ஓடுவார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். கொஞ்ச நேரத்தில் வரிசை வீடெல்லாம் சேர்ந்த லயமே அடங்கிவிடும். அக்கா எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இருந்து கதவுக்குக் கொண்டி போட்டுக்கொள்வாள். பொழுது சாயும்வரை அவளுக்குத் துணை அடுப்பும் ஒரு பூனையும்தான்.

கண் தெரியாத பிள்ளைகளுக்கென்று தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கேயே தங்கிப் படிக்கலாம். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஆவணி மாத லீவில் பெரிய பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வாரம் விளையாட்டும் பாட்டுமாக வைத்துக்கொள்ள, பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். அந்த ஒரு வாரம் ஒத்துப்போனால் அக்காவைத் தன் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துக்கொள்வாராம். சேதி கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. அந்தத் தோட்டத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். அங்கே பெரட்டுத் தப்பு அடிக்கிறது அவர்தான். தான் அடித்தால்தான் மலையில் வேலையே தொடங்கும் என்பதால், தொரைக்கு அடுத்தபடி தான்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"கேம்ப்புக்குப் புள்ளைய அனுப்புங்கக்கா" என்று மாமா சொன்னதும் அம்மா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேம்ப்தான். இந்தியாவுக்குக் கப்பலேறிப் போகிறவர்களைக் கொண்டுபோய் இறக்குகிற மண்டபம் கேம்ப். கண் தெரியாத பிள்ளையைத் தனியாகக் கப்பலேற்றத் தம்பியே வந்து நிற்கிறானே என்று அம்மா அழுதார். இது மேல் மலைக்குப் போகிற கேம்ப், கப்பல் இல்லை என்று மாமா விளக்கி முடிப்பதற்குள் அடுத்த காம்பராக்காரர்களும் சேர்ந்து அழுதுவிட்டார்கள்.

அக்காவுக்குப் போக ஆசை. வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனால் மாமா பேசப் பேச, பிசைந்த ரொட்டி மாவையே திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா அதைப் பார்த்தார்.

"போகட்டும்" என்றார் கடைசியில். "ஆனா முடியிற அன்னைக்கு நானே வருவேன். மேலுல ஒரு கீறல் இருந்தாலும் கையோட கூட்டிட்டு வந்துருவேன். அதுக்குப் பெறகு அந்தப் பள்ளிக்கூடம், டீச்சரம்மாங்கிற பேச்சே இந்தக் காம்பராவுல எடுக்கக் கூடாது."

என்னையும் கூட அனுப்பினார்கள். எங்கே விழுந்தாள், எங்கே இடித்தாள் என்று பார்த்து வைத்துச் சொல்வது அப்பா எனக்குக் கொடுத்த வேலை. "அவ கைய மட்டும் விட்டுறாத" என்பது அம்மா கொடுத்த வேலை.

அம்மா கொடுத்த வேலை முதல் நாளே போய்விட்டது. அக்கா கையை உதறிவிட்டாள். வந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் சுவரைத் தடவி, தூணைத் தட்டிப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் பள்ளிக்கூடத்தைச் சொந்த வீடாக்கிக்கொண்டார்கள். நான்தான் எங்கே உட்காருவது, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் மூலையில் நின்றேன். மட்டக்களப்பில் இருந்து வந்த ஒரு அண்ணன் என் மூச்சுச் சத்தத்தை வைத்தே என்னைக் கண்டுபிடித்தார்.

"ஆரு புள்ள நீ? கண்ணு தெரியுமாமே. பாவம். ஒண்ணுக்கும் பயப்பிடாத, நாங்க எல்லாரும் இருக்கம்" என்றார்.

காலையில் கிரிக்கெட். டின்பால் டின்னுக்குள் கூழாங்கல் போட்டு, சாக்கைச் சுற்றித் தைத்தால் அது பந்து. உருண்டு வரும்போது கலகலவென்று சத்தம் வரும். விக்கெட்டுக்கு மண்ணெண்ணெய் டின். மட்டக்களப்பு அண்ணன் ஒரு நாள் மட்டை பிடித்தபோது டின்னும் சத்தம் போட்டது, மட்டையும் சத்தம் போட்டது. அவுட் என்றார்கள். மட்டையில்தான் பட்டது என்றார் அண்ணன். பெரிய சண்டை. பதுளையில் கடை வைத்திருப்பவர்களின் மகள் ஒரு அக்கா, கடைக்கார வீட்டுப் பிள்ளைக்கே உரிய நியாயத்தோடு, "ஏன் சண்டை? கண்ணு தெரிஞ்ச புள்ள ஒண்ணு சும்மாதானே நிக்குது, அதைக் கேளுங்க" என்றாள்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது. சேலைத் தலைப்பு இருந்தால் அதற்குள் போயிருப்பேன், பாவாடைதான் இருந்தது.

"நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

"இதுக்கா புள்ள ஒன்ன கூட்டி வந்தாங்க?" என்றார் அண்ணன். அன்றைக்கு ஆட்டமே நின்றுபோகும் அளவுக்குச் சிரித்தார்கள். அக்காதான் எல்லாரையும் விட அதிகம் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

பொழுது பட்டதும் வகுப்பறையில் வாங்கு பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கூட்டம் போடுவார்கள். பாட்டு, விடுகதை, டீச்சரம்மா மாதிரிப் பேசிக் காட்டுவது, பிளேன்டீ, பணிஸ் என்கிற பன். மட்டக்களப்பு அண்ணன் டீச்சரம்மாவின் தும்மலைக்கூட விடமாட்டார். ஒரு நாள் கச்சான் காற்று அடித்து லாம்பு அணைந்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை, கைதட்டு நிற்கவில்லை, பணிஸ் தட்டு கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் இருட்டில் அழ ஆரம்பித்தேன்.

"என்னடி?" என்றாள் அக்கா.

"லாம்பு அணைஞ்சிருச்சு."

"அப்படியா? எப்ப?" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "தங்கச்சிக்கு இருட்டுல வழி தெரியாது, யாராச்சும் கையப் புடிச்சு உட்கார வைங்க" என்றாள். பதுளை அக்கா எழுந்து வந்து, ஒரு வாங்கிலும் இடிக்காமல், என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

ஆனால் விளையாட்டில் இடிக்காமல் இருக்க முடியுமா? ஓட்டத்தில் விழுந்தாள், கயிறு இழுக்கையில் விழுந்தாள், சும்மா நடக்கும்போதும் ஒரு தடவை விழுந்தாள். நான் எல்லாவற்றையும் மனதில் அடுக்கி வைத்தேன். முழங்கை, முழங்கால், நெற்றியில் ஒரு வீக்கம். அப்பாவின் பேச்சு அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. கடைசி நாள் காலையில் பதுளை அக்காவின் பவுடர் டப்பாவைத் திறந்து, எங்கெங்கே வலிக்கிறதோ அங்கெல்லாம் இருவருமாகப் பூசினார்கள். எவ்வளவு பூசினோம் என்று இருவருக்கும் தெரியாது. முடித்தபோது அக்கா மாவில் புரட்டின பலகாரம் மாதிரி இருந்தாள். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சொன்னபடி அப்பா வந்தார். மாமா தப்போடு வந்தார், சாயங்காலக் கூட்டத்துக்கு அடித்துக் காட்ட. அப்பா அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மாப்புள, புள்ள மொழங்காலு சுண்ணாம்படிச்ச மாதிரி இருக்கு?"

"மலைக் காத்து மச்சான்" என்றார் மாமா. "தோலு வறண்டு வெளுத்துப் போகும். எனக்கே அப்படித்தான்."

மாமாவின் கால் கரியாக இருந்தது. அப்பா அதையும் பார்த்தார்.

அன்றைக்கு ஓட்டப் பந்தயம். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒருவர் பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டே இருப்பார். பிள்ளைகள் அந்தச் சத்தத்தை நோக்கி ஓடிக் கோட்டைத் தாண்ட வேண்டும். கோடு நெடுகத் தரையில் வைக்கோல் பரப்பியிருக்கும், கால் பட்டதும் நின்றுவிடலாம். ஒரு வாரமாக அடித்ததில் டின் கிழிந்துவிட்டது. மாமாவை யாரும் கேட்கவில்லை. அவரே சருகைக் கூட்டி, நெருப்பு வைத்து, தோல் இறுகத் தப்பைக் காய்ச்சத் தொடங்கிவிட்டார்.

"ஒரே மாதிரி அடிச்சாப் போதும் அண்ணன்" என்றார் டீச்சரம்மா.

ஒரே மாதிரித்தான் ஆரம்பித்தார். பையன்கள் ஓடினார்கள். மட்டக்களப்பு அண்ணன் முன்னால் வர வர மாமாவுக்கு உற்சாகம் ஏறியது. உற்சாகம் வந்தால் கை தனக்குப் பழகினதைத்தானே அடிக்கும். தினம் விடியலில் அடிக்கிற பெரட்டு அடி வந்துவிட்டது. கச்சான் காற்று அதை அள்ளிக்கொண்டு லயங்களுக்கு இறங்கியது.

அண்ணன் ஜெயித்து, கைதட்டி முடிப்பதற்குள் லயத்துப் பாதையில் ஆட்கள் தெரிந்தார்கள். சில பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள். மானாப்புல்லில் தீப்பிடித்துவிட்டது போல என்று வாளியோடு வந்தவர்களும் உண்டு. ஒருவர் முகத்தில் பாதிச் சவரத்தோடு வந்தார். கடைசியாக அந்தத் தோட்டத்துக் கங்காணி, சாரத்துக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு.

"ஏண்டா, ஞாயித்துக்கெழமை எவன்டா ஒன்ன பெரட்டு அடிக்கச் சொன்னது?"

"நான் அடிக்கலீங்க கங்காணி, கை அடிச்சிருச்சு."

"கை அடிச்சிருச்சா? அந்தக் கைய ஒரு நாளாவது நேரத்துக்கு அடிக்கச் சொல்லு, வேலை நாளுல நாங்க தூங்கிக்கிட்டு இருக்கோம்."

சண்டை முற்றுவதற்குள் டீச்சரம்மா குறுக்கே வந்து, வந்தது வந்தீங்க, உட்கார்ந்து பாருங்க என்றார். திரும்பிப் போக யாருக்கும் மனம் இல்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்கள். கங்காணிக்கு மட்டும் ஒரு நாற்காலி வந்தது.

அடுத்தது பெண் பிள்ளைகள். அக்காவும் பதுளை அக்காவும் இன்னும் சிலரும் வரிசையில் நின்றார்கள். மாமா பயந்துபோய், ஒரு விரலால் டொக் டொக் என்று தட்டினார்.

"மாமா" என்று அந்தக் கோடியில் இருந்து அக்கா கூப்பிட்டாள். "பெரட்டே அடிங்க."

மாமா கங்காணியைப் பார்த்தார். கங்காணி வேறு பக்கம் பார்த்தார். மாமா அடித்தார்.

அக்கா ஓடினாள். கையை முன்னால் நீட்டவில்லை, தயங்கவில்லை. சடை அவிழ்ந்துவிட்டது. பதுளை அக்கா வைக்கோல் காலில் பட்டதும் ஒழுங்காக நின்று, ஜெயித்தாள். எங்கள் அக்கா நிற்கவில்லை. வைக்கோலைத் தாண்டி, டீச்சரம்மா கத்துவதைத் தாண்டி, நேரே போய் மாமா மேல் மோதினாள். தப்பு ஒரு பக்கம் போக, மாமாவும் அவளும் ஒரு பக்கம் உருண்டார்கள். தப்பு உருண்டு போய்க் கங்காணியின் நாற்காலிக் காலில் இடித்து நின்றது.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். முழங்காலில் பவுடர் இருந்த இடமெல்லாம் சிவப்பாக வழிந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கங்காணி ஐயா எங்க இருக்கீங்க? பெரட்டுக்கு வந்துட்டேன். எனக்குப் பேரு போடுங்க" என்றாள்.

கங்காணி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கோட்டுல ஒழுங்கா நின்ன புள்ளைக்குத்தான் முழுப் பேரு. ஒனக்கு அரைப் பேரு."

"தப்பு அடிக்கிற எடத்துக்கு வர்றதுதானேங்க பெரட்டு? அவங்க பாதி வழியில நின்னுட்டாங்க. நான்தானே வந்தேன்."

கங்காணி யோசித்தார். அவரோடு பேர் விஷயத்தில் வாதாடி ஜெயித்தவர்கள் அந்தத் தோட்டத்திலேயே கிடையாது என்பார்கள்.

"நியாயந்தான்" என்றார். "முழுப் பேரு."

கூடை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் கூடை கவிழச் சிரித்தார்கள். பதுளை அக்கா தனக்கு இரண்டு பேர் வேண்டும் என்று சண்டைக்கு வந்தாள். நான் அப்பாவைத் தேடினேன். அவர் சிரிக்கவில்லை. தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டு, தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்து, மறுபடி சுற்றி, மறுபடி அவிழ்த்தார். சரி, அக்காவின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு அப்பா டீச்சரம்மாவிடம் போய் மெதுவாக ஏதோ பேசினார். டீச்சரம்மா தலையாட்டினார். அப்பா வந்து என் கையைப் பிடித்து, "வா, போவோம்" என்றார்.

"அக்கா?"

"அவ இங்கிருந்தே டீச்சரம்மாவோட பள்ளிக்கூடத்துக்குப் போறா. துணிமணிய அடுத்த வாரம் நான் கொண்டு போய்க் குடுக்குறேன்."

குறுக்குப் பாதையில் இறங்கினோம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வேலையை நான் செய்யவில்லையோ என்று தோன்றியது.

"அப்பா, அக்கா மொழங்காலுல ரத்தம் வந்துச்சு."

"அப்படியா? நான் பாக்கலையே."

"பாவாடையெல்லாம் ஆயிருச்சு அப்பா."

"எனக்குத் தெரியலையே."

"மொழங்கையில செராய்ப்பு. நெத்தியில வீங்கியிருக்கு. அன்னைக்குத் தூணுல இடிச்சது."

"நெத்தியிலயா? ஒண்ணும் தெரியலையேம்மா."

அவ்வளவு ரத்தம். கூடைக்காரப் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள், கங்காணி பார்த்தார், பாதிச் சவரத்தோடு வந்தவர்கூடப் பார்த்து உச்சுக் கொட்டினார். அப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை. அக்காவுக்குப் போன மாதிரி அப்பாவுக்கும் கண் போகத் தொடங்கிவிட்டது, அதை அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் கையை விட்டுவிட்டு முன்னால் போனேன். பாதையில் கிடந்த கல்லையெல்லாம் காலால் ஒதுக்கிக்கொண்டே நடந்தேன். பெரிய கல்லாக இருந்தால் குனிந்து எடுத்துத் தேயிலைக்குள் போட்டேன். "இங்க பள்ளம் இருக்கு அப்பா" என்றேன். "சரிம்மா" என்றார். லயம் வரும்வரைக்கும் அப்பா என் பின்னால், பள்ளமே இல்லாத இடத்திலும், ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தார்.