அம்மன் சந்நிதியின் சரிந்த தரை

பருத்தித்துறைக் கடற்காற்றில் பிறந்த எங்கள் அண்ணா, ரொறன்ரோ மல்வேர்னில் எங்கள் வீட்டிலிருந்து அம்பாளின் திருவடிக்குப் போனார். இடையில் அவர் நெடுங்காலம் வாழ்ந்தது இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரத்தில். அந்த நகரத்துப் பழைய சினிமாப் படமாளிகைகளின் கதையை அண்ணா வாயால் கேட்காதவர் உங்களில் ஒருவரும் இருக்கமாட்டார்.

நாட்டுப் பிரச்சினையில் தனியாகப் போனவர். பகலில் பாண் சுடுகிற தொழிற்சாலை, பின்னேரத்தில் படமாளிகை. இருட்டில் ரோச் லைற் பிடித்து ஆட்களை இருக்கையில் கொண்டுபோய் விடுகிற வேலை. அங்கே ஒருகாலத்தில் தெருவுக்குத் தெரு படமாளிகை இருந்ததாம். ஒன்று எரிந்து போனது. ஒன்று கார்ப்பெற் கடையானது. இன்னொன்றை இடித்து வாகனம் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். அண்ணா வேலை செய்த படமாளிகை பிங்கோ விளையாட்டு மண்டபமாகி, பிறகு பூட்டிக் கிடந்தது. அதைத்தான் எங்கள் சனம் அம்மன் கோயிலுக்கு எடுத்தது.

அப்போது அம்மாவும் ஊரிலிருந்து வந்து அண்ணாவோடு இருந்தார். அம்மா ஆள் நல்ல கட்டை, உயரம் குறைவு. எந்தக் கோயிலிலும் தீபாராதனை நேரம் அவருக்குத் தெரிவது முன்னுக்கு நிற்பவரின் முதுகுதான். "மணிச்சத்தத்தைக் கும்பிட்டிட்டு வாறன்" என்று சிரிப்பார். அண்ணாவால் சிரிக்க முடியவில்லை. இந்தக் கோயிலிலாவது அம்மா அம்மனைக் காணவேண்டும் என்று நினைத்தார்.

ஆனால் கோயில் தலைவர், படம் பார்ப்பதற்காகத் திரைப்பக்கம் சரிந்திருந்த தரையை மட்டமாக்க வேண்டும் என்று நின்றார்.

"சாமி பள்ளத்திலை, சனம் மேட்டிலையோ? அடுக்குமே தம்பி?"

"அண்ணை, திரை இருந்த மேடையிலை பீடத்தைக் கட்டி, கடைசி வரிசைக்கும் மேலை அம்மனை உயர்த்துவம். ஒருத்தற்றை தலை மற்றவையை மறைக்கக்கூடாது எண்டுதானே இந்தச் சரிவு!"

தலைவர் அசையவில்லை. அண்ணா மேடையில் அம்மன் படத்தை உயர வைத்தார். நெட்டைப் பெடியளை முன்னுக்கும் அம்மாவைக் கடைசி வரிசையிலும் நிறுத்தினார். ஐயர் கற்பூரம் காட்டினார்.

"அம்மா, தெரியுதோ?"

"ஓமடா! ஐயர் கொட்டாவி விடுறதும் தெரியுது!"

தலைவரும் சிரித்துவிட்டார். சரிவு தப்பியது.

முதல் திருவிழாவில் பின்னுக்கு நின்ற ஒருவரின் அர்ச்சனைத் தேங்காய் தட்டிலிருந்து விழுந்து, உருண்டு உருண்டு மேடையடியில் போய் நின்றது. எல்லோரும் பதற, அண்ணா, "விடுங்கோ, அதுக்கு எங்களைவிட அவசரம்" என்றாராம். அம்மா தன் கடைசிக்காலம் வரை கண்ணாரக் கும்பிட்டார்.

அம்மா போனபின் அண்ணா எங்களிடம் வந்தார். ரொறன்ரோக் கோயிலில் தரை மட்டம். தீபாராதனை வந்தால் அண்ணா தானும் நிலத்தில் சம்மணம் போட்டு இருந்து, "முன்னுக்கு நிக்கிறவை கொஞ்சம் இருங்கோ, பின்னுக்கு அம்மாமார் நிக்கினம்" என்பார். "உவருக்குத் தியேட்டர் வேலை இன்னும் விடேல்லை" என்று பகிடி பண்ணுவார் பக்கத்து வீட்டு அங்கிள்.

இறுதிக் கிரியை நடந்த மண்டபமும் மட்டம்தான். பின்னுக்கு நின்ற ஓர் அன்ரி எட்டி எட்டிப் பார்த்தார். பகிடி பண்ணிய அதே அங்கிள் எழும்பி, "முன்னுக்கு நிக்கிறவை இருங்கோ. அண்ணையின்ரை சொல்லு" என்றார். ஒருவர் விடாமல் நிலத்தில் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தாங்கியவர்களுக்கும், சமைத்துத் தந்தவர்களுக்கும், இங்கிலாந்திலிருந்து ஓடிவந்தவர்களுக்கும் எங்கள் கைகூப்பு. அன்று முன்னுக்கு நின்று, சொன்னவுடன் இருந்த உங்களுக்கு இன்னொரு முறை. கடைசி வரிசை வரைக்கும் எங்கள் அண்ணா தெரிந்தார்.

தங்கை குடும்பத்தினர்
மல்வேர்ன்