ஃபைனல் ஆடாத எங்கள் டீம்

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் பிசிகல் டைரக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் கால்பந்து டீம் மண்டலப் போட்டியில் செமி ஃபைனல் ஜெயித்த சூட்டோடு கொரோனா ஊரடங்கு வந்தது. ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். பெண்கள் பூட்ஸைக்கூட எடுக்காமல் ஊருக்குப் பஸ் ஏறினார்கள்.

கேப்டன் பிரிசில்லா அப்போது இரண்டாம் ஆண்டு. அப்பா அறுவடை மெஷின் ஓட்டுபவர். போன் செய்தால், "உளுந்து பிடுங்கிட்டாங்க மேம், வயல் சும்மாதான் கெடக்கு. ரெண்டு குச்சி நட்டு கோல் அடிச்சிட்டிருக்கேன்" என்பாள். தினமும் காலையில் வீடியோ காலில் மற்றவர்களையும் உடற்பயிற்சி செய்ய வைப்பாள். நெட் கிடைக்காதவளைப் போனில் பிடித்து, "இன்னைக்கு ஓடுனியாடி?" என்று விசாரிப்பாள். நான் சொல்லி அவள் செய்ததல்ல இது.

கல்லூரி திறந்த பிறகு, நின்றுபோன ஃபைனலைத் திருச்சியில் நடத்துவதாக அறிவித்தார்கள். பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுக்கும் செலக்டர்கள் வருவார்கள். அதில் இடம் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு வழி உண்டு. பிரிசில்லாவுக்கு அது கடைசி வருஷம். டெஸ்டில் எல்லோருக்கும் நெகட்டிவ். வேனில் கிளம்பினோம்.

வார்ம்-அப் முடிந்ததும் அவள் தொடையில் வலி ஸ்ப்ரே அடித்தேன். தள்ளி நிற்பவருக்கும் மூக்கில் ஏறும் நெடி அது.

"அடிச்சிட்டீங்களா மேம்?"

"அடிச்சாச்சே. ஏன்?"

"வாசனையே வரல." மாஸ்க்கை இறக்கி, பாட்டிலை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "நேத்து சாப்பாடும் சப்புன்னுதான் இருந்துச்சு. ஹாஸ்டல் சாப்பாடுதானேன்னு விட்டுட்டேன்."

"நீ உக்காந்துக்க. சப்ஸ்டிட்யூட்ட எறக்குறேன்" என்றேன்.

"நான் மட்டும் உக்காந்தா போதுமா மேம்? ஒரே ரூம்ல தூங்குறோம். ஒரே வேன்லதானே வந்தோம்."

டீமைக் கூப்பிட்டு அவளே சொன்னாள். கோல்கீப்பர் ஷப்னம், அதிராம்பட்டினத்துப் பெண், கொதித்துவிட்டாள்.

"டெஸ்ட் நெகட்டிவ்டி. இந்த மேட்சுக்குத்தானே ஒரு வருஷமா எங்கள ஓட விட்ட?"

"ஆமாடி. எனக்கு மட்டும் ஆட ஆசை இல்லையா? அந்தப் பக்கம் நிக்கிறவங்க வீட்ல வயசானவங்க இருக்க மாட்டாங்களா?"

ஷப்னம் கிளவுஸைக் கழற்றிப் பையில் வைத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக லேஸை அவிழ்த்தார்கள். நான் போய் ரெஃபரியிடம் சொன்னேன். ஆடாமலே ஜெயித்ததாக எதிர் டீமுக்கு வாக் ஓவர் கொடுத்தார்கள். திரும்பும்போது பிரிசில்லா வேனின் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்து, தஞ்சாவூர் வரும்வரை அழுதாள்.

மறு டெஸ்டில் அவளோடு இன்னும் மூன்று பேருக்குப் பாசிட்டிவ். ஷப்னமும் அதில் ஒருத்தி. மேட்ச் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போவதாக இருந்தவள் அவள். அங்கே அவள் அம்மா டயாலிசிஸ் சிகிச்சையில் இருந்தார். ஷப்னம் ஹாஸ்டலிலேயே தனிமையில் இருந்ததால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பல்கலைக்கழக டீமில் பிரிசில்லாவுக்கு இடம் கிடைக்கவில்லை.

இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு, எதிர் டீமின் டைரக்டர் போன் செய்தார். "மேம், கப் எங்ககிட்ட சும்மா இருக்கு. புள்ளைங்க அதோட ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாக்கூட மாட்டேங்குதுங்க. அந்த மேட்ச ஆடிடலாமா?"

எங்கள் மைதானத்தில் ஆடினோம். பிரிசில்லாவுக்கு மூச்சு வாங்கியது. முதல் பாதிதான் ஆட முடிந்தது. எங்கள் ஒரே கோலை அவள் அடித்தாள். அவர்கள் இரண்டு அடித்து ஜெயித்தார்கள். பிறகு அந்தப் பெண்கள் கப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, அவளை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் பேராவூரணிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேப்டனைத் தேர்ந்தெடுக்க முன்பெல்லாம் நான் காலைத்தான் பார்ப்பேன்: யாருக்கு வேகம், யாருக்கு அடி பலம் என்று. பிரிசில்லாவுக்குப் பிறகு, மொத்த டீமும் முறைத்துக்கொண்டு நிற்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லக்கூடியவள் யார் என்று பார்க்க ஆரம்பித்தேன்.