கரண்ட் போனா மட்டும் ஓடற கம்ப்யூட்டர்

ஆர்.கே.பேட்டையில இருக்கற அக்கா வீட்டுக்காரருக்கு, சேலை டிசைன் போட நான்தான் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் குடுத்தேன்.

"கரண்ட் இருந்தா ஹேங் ஆவுது. கரண்ட் போயி யுபிஎஸ்ல ஓடினா ஒண்ணும் ஆவறதில்ல"ன்னார்.

சிரிச்சேன். திருத்தணிக்கு எடுத்துனு வந்து ரெண்டு நாள் ஓட்டினேன். ஹேங்கே ஆவல.

இன்னிக்கு அவர் வீட்லயே உக்காந்து பாத்தேன். கரண்ட் வந்ததும் பக்கத்து ரூம்ல நாலு பவர்லூமும் ஓட ஆரம்பிச்சுது. கம்ப்யூட்டர் கேபினட் மேல வெச்ச டீ கிளாஸ் தானா நகந்துது.

தெறந்து பாத்தா, லாக் உடைஞ்ச ரேம் ஒரு பக்கம் எழும்பி நிக்குது; தறி அதிர்ந்தா காண்டாக்ட் விட்டுப் போவுது.

"டிசைன் போடும்போது தறிய நிறுத்துங்க பாவா"ன்னேன்.

"தறி நின்னுட்டா டிசைன் எதுக்கு மச்சான்?"ன்னார்.

சேலை நூலாலயே ரேமை இறுக்கிக் கட்டிட்டு வந்திருக்கேன். உங்க ஊர்ல எதால கட்றீங்க?